ஹெட்லைட் வெளிச்சம் பத்தவில்லையா? பல்பைக் கடைசியாக மாற்றுங்கள்

என் மோட்டார் சைக்கிளுக்கு நான் முதன்முதலில் வாங்கிய ‘பவர் பல்பு’ 100/90 வாட்; பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90. பொருத்திய அன்று ராத்திரி சுவரில் அடித்துப் பார்த்தேன். பகல் மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் ஹெட்லைட்டுக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால், பல்பின் பின்னால் சொருகும் ஹோல்டர் இளகிப்போய்க் கால்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடுங்கியதில் ஒரு கால் கையோடு வந்துவிட்டது. மீதி வழியை இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு உருட்டியே கடந்தேன்.

புது ஹோல்டர் போட்டு, பழைய 60/55 வாட் பல்பையே திரும்ப மாட்டியபோதுதான் மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்க்கத் தோன்றியது. பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பின் காலில் 12.4. நடுவில் 1.7 வோல்ட் வயரிலும் சுவிட்சிலும் கரைந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் நான் பல்பைத் திட்டிக்கொண்டிருந்தேன், கோளாறு வயரில். அதைச் சரிசெய்த பிறகு அந்தப் பழைய பல்பே எனக்குப் போதுமாக இருந்தது.

அதனால் இங்கே சொல்லப்போகிற வரிசை கடைக்காரர் சொல்வதற்கு நேரெதிர். முதலில் என்ன பல்பு என்று பார்ப்பது, பிறகு மின்சாரத்தை அளப்பது, கண்ணாடியைத் துடைப்பது. பல்பு வாங்குவது அதற்கப்புறம்தான். கடைசியில் வெளிச்சத்தின் திசையை வைப்பது. இந்தக் கடைசி வேலையைப் பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை.

உங்கள் வண்டியில் என்ன பல்பு இருக்கிறது

வண்டியோடு வந்த கையேட்டில் பல்பின் வகை இருக்கும். கையேடு இல்லையென்றால் பல்பின் உலோக அடிப்பகுதியில் பொறித்திருப்பார்கள். அதிகம் கண்ணில் படுவது எச்4. பின்னால் மூன்று தட்டையான கால்கள், உள்ளே இரண்டு இழைகள், ஹை பீமுக்கு (பிரைட்) 60 வாட், லோ பீமுக்கு (டிம்) 55. 1971-இல் வந்த வடிவம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இரட்டைப்பிறவி மாதிரி இருக்கும் எச்எஸ்1, சின்ன வண்டிகளுக்கானது. இரண்டு இழையும் 35 வாட்தான். எச்7 என்றால் ஒரே இழை, 55 வாட். லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி பல்பு இருக்கும். பழைய சின்ன வண்டிகளில் அழுத்தித் திருப்பி மாட்டும் பல்பு உண்டு. கம்பெனியே எல்இடி ஹெட்லைட் வைத்துக் கொடுத்திருந்தால் அதில் பெரும்பாலும் மாற்றுவதற்குப் பல்பே கிடையாது. உங்களுக்கு இந்தக் கட்டுரையில் பயன்படப்போவது திசை வைக்கும் பகுதி மட்டும்தான்.

எச்எஸ்1 வைத்திருப்பவர்கள் வெளிச்சம் பத்தவில்லை என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. தர அளவுப்படி 13.2 வோல்ட்டில் எச்4 ஹை பீம் சுமார் 1650 லூமென் (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு), லோ பீம் சுமார் 1000. எச்எஸ்1-க்கு 825, 525. கிட்டத்தட்ட பாதி. இதனால்தான் பலர் எச்4-ஐ அங்கே நுழைக்கப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் அடித்தட்டில் இருக்கும் காதுகளில் சின்ன வித்தியாசம்தான். அரத்தால் தேய்த்தால் உள்ளே போய்விடும். போய்விடும் என்பதுதான் ஆபத்து. 35 வாட்டுக்குப் போட்ட வயரும் சுவிட்சும், அந்த மின்சாரத்தைத் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயிலும் 60 வாட்டைத் தாங்குமா என்று பார்க்காமல் அரத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. எச்4 பல்பைக் கண்ணாடியைத் தொடாமல், அடிப்பகுதியைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நுனிப் பக்கம் இருக்கும் இழைக்குக் கீழே குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு தெரியும். அதுதான் லோ பீம் இழை. அதிலிருந்து கீழே போகிற வெளிச்சத்தை அந்தத் தகடு மறித்துவிடுகிறது. பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணமான ரிப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் ஒளி பட்டு, கீழ்நோக்கிச் சாலையில் விழுகிறது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் சுவரில் ஒரு கோடு போட்ட மாதிரி வெளிச்சம் முடிவது இந்தத் தகட்டால்தான். அந்த இழை தன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கோடு கலைந்துவிடும். எல்இடி பல்பைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

ஏசியா, டிசியா?

சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்லைட்டைப் போடுங்கள். எரிந்தால் அது பேட்டரியிலிருந்து வரும் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். எரியவில்லை என்றால் உடனே ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், என்று முடிவுகட்ட முடியாது. இன்ஜின் ஓடினால் மட்டும் லைட் வரும்படி அமைத்த டிசி வண்டிகளும் உண்டு. ஐடிலில் மங்கலாக எரிந்து, ஆக்சிலேட்டரை முறுக்கினால் பளிச்சென்று ஏறுகிறதா? அப்படியானால் அநேகமாக ஸ்டேட்டரிலிருந்து நேரே வரும் ஏசி. மீட்டரை முதலில் ஏசி வோல்ட்டிலும் பிறகு டிசி வோல்ட்டிலும் வைத்து ஹோல்டரில் அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்றால், டிசிக்காகச் செய்த எல்இடி பல்பை ஏசியில் மாட்டினால் மினுமினுக்கும், சீக்கிரம் செத்தும் போகும். ஏசி வண்டியில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஒதுக்கியிருக்கும் மின்சாரமும் கொஞ்சம்தான். ஹெட்லைட்டைப் பேட்டரிக்கு மாற்றிவிட்டால் இரண்டு ராத்திரியில் பேட்டரி படுத்துவிடும். ஸ்டேட்டரையே பிரித்து டிசிக்கு மாற்ற வழி இருக்கிறது. அது புதியவர் தொடவேண்டிய வேலையில்லை, வயரிங் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். கீழே நான் சொல்லும் அளவுகள் டிசி வண்டிக்கானவை.

மீட்டரைக் கையில் எடுங்கள்

சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, லோ பீமைப் போட்டு, 3000 ஆர்பிஎம் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டால் வசதி. முதலில் பேட்டரி முனைகளில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வரவேண்டும். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜிங்கில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பல்பும் உருப்படாது. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. போடுகிற பல்பையெல்லாம் அது சுட்டுத் தள்ளும்.

அடுத்து பல்பில். ஹோல்டரைக் கழற்றக் கூடாது, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்கவேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் வயர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். மின்சாரம் ஓடினால்தானே இழப்பு தெரியும்? ஹோல்டரின் பின்பக்கத் துளைகளில் மீட்டரின் ஊசியை நுழைத்து, லோ பீம் காலுக்கும் எர்த் (மைனஸ்) காலுக்கும் நடுவே பாருங்கள். பேட்டரிக்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் உங்கள் வயரிங் நன்றாக இருக்கிறது, அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம். ஒரு வோல்ட்டுக்கு மேல் என்றால் அங்கேதான் புதையல்.

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் குறையாது. அதைவிட வேகமாக விழும். வோல்ட் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 16 சதவீதம் போய்விடும். 10 சதவீதம் குறைந்தால் 30. என் வண்டியில் 12 சதவீத இழப்பு, அதாவது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போயிருந்தது. அதிலே 100 வாட் பல்பைப் போட்டால் வயரில் ஓடும் ஆம்பியர் 5-லிருந்து 8-க்கு ஏறும், இழப்பும் கூடவே ஏறும், வீணாகும் மின்சாரம் ஹோல்டரில் சூடாக இறங்கும். என் ஹோல்டர் உருகிய கதை இவ்வளவுதான்.

இழப்பு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றைப் பல்பின் எர்த் காலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். எர்த் நன்றாக இருந்தால் பிளஸ் பக்கம்: கரிபிடித்த ஹோல்டர் முனைகள், ஹாண்டில்பாரில் இருக்கும் டிம்–பிரைட் சுவிட்சு, அல்லது கம்பெனியே போட்ட மெல்லிய வயர்.

ரிலே

சுவிட்சிலும் வயரிலும் இழப்பு என்றால் மருந்து ரிலே, அதாவது கொஞ்சம் மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி. ஹெட்லைட்டுக்கான முழு மின்சாரத்தையும் சுவிட்சு வழியாகச் சுற்றவிடாமல், பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேரே பல்புக்குக் கொண்டுபோய்விட்டு, சுவிட்சை ‘போடு, நிறுத்து’ என்று உத்தரவு மட்டும் கொடுக்க வைக்கிறோம். எச்4-க்கு இரண்டு ரிலே வேண்டும், லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. எல்லாம் சேர்த்துக் கட்டிய செட்டாகவே கிடைக்கிறது. புதியவர்கள் அதையே வாங்குங்கள்.

ரிலேயின் கால்களில் எண்கள் இருக்கும். 30-ஆம் காலுக்குப் பேட்டரி பிளஸ், 87-லிருந்து பல்பு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு: ஒன்றை எர்த்தில் கொடுங்கள், மற்றொன்றில் முன்பு பல்புக்குப் போன பழைய வயரைக் கொடுங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் வயருக்கு 2 சதுர மில்லிமீட்டர் தடிமன் வைத்துக்கொள்ளலாம். பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை ஃபியூஸே இல்லாமல் வயரை ஓட்டியிருப்பதை நிறைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். அந்த வயர் டேங்குக்கு அடியில் எங்காவது உரசிக் கிழிந்தால் வண்டியே எரியும்.

ரிலே வாங்குமுன் ஒரு சோதனை. சில வண்டிகளில் பல்புக்குப் பொதுவாக இருக்கும் கால் எர்த்தாக இல்லாமல் பிளஸாக இருக்கும். சுவிட்சு மைனஸ் பக்கத்தை மாற்றும். சாவியை எடுத்துவிட்டு, ஹோல்டரைக் கழற்றி, மூன்று முனைகளில் எது பேட்டரி மைனஸோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது என்று மீட்டரின் பீப் ஒலியில் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் வண்டி அந்த ரகமாக இருக்கலாம். மெக்கானிக்கிடம் கேட்காமல் மேலே போகவேண்டாம்.

கண்ணாடியும் ரிப்ளெக்டரும்

முன்பக்க பிளாஸ்டிக் மஞ்சள் பாரித்திருந்தால் 1000, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டால் தெளியும். தேய்த்த பிறகு புற ஊதா தடுக்கும் பூச்சு அடிக்கவேண்டும், இல்லையென்றால் கொஞ்ச மாதத்தில் பழைய கதைதான். உள்ளே இருக்கும் ரிப்ளெக்டரை மட்டும் துணியால் துடைத்துவிடாதீர்கள். அந்த வெள்ளிப் பளபளப்பு மெல்லிய அலுமினியப் படலம், கையோடு வந்துவிடும். அது கறுத்தோ உரிந்தோ போயிருந்தால் வேறு ஹெட்லைட் யூனிட்தான் வழி.

இப்போது பல்பு

மூன்று ரகம் உண்டு. முதலாவது, அதே வாட்டில் வரும் உயர்தர ஹாலஜன். அட்டைப்பெட்டியில் ‘+100%’, ‘+130%’ என்று போட்டிருக்கும். இரண்டு மடங்கு வெளிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். சாலையில் குறிப்பிட்ட ஒரு இடத்தில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்ட கணக்கு அது. மொத்த லூமென் தர வரம்புக்குள்தான் இருக்கும். ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் இழையை நெருக்கிச் சுற்றி இன்னும் துல்லியமாக வைத்திருப்பார்கள்; ஒளி தூரத்தில் குவியும். அதற்கு விலை ஆயுள். மோட்டார் சைக்கிளின் அதிர்வும் சேர்ந்தால் இழை சீக்கிரம் அறும். ஒஸ்ராமின் ‘நைட் ரேசர்’ மாதிரி மோட்டார் சைக்கிளுக்கென்றே வருபவற்றைப் பாருங்கள். புதியவர்களுக்கு என் சிபாரிசு இந்த ரகம்தான்.

நீலக் கண்ணாடி ஹாலஜனை வாங்காதீர்கள். நீலப்பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை வடிகட்டித்தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. பார்க்கப் பகட்டு, மழை ராத்திரியில் ஓட்டிப் பார்த்தால் தெரியும் பவுசு.

இரண்டாவது, 100/90 வாட் மாதிரியான அதிக வாட் பல்பு. என் கதையைப் படித்தீர்கள். போதும்.

மூன்றாவது எல்இடி. ஹாலஜன் ஒரு வாட்டுக்கு 25 லூமென் பக்கம் கொடுக்கும்போது நல்ல எல்இடி பல்பு 100 கொடுக்கும். ஸ்டேட்டருக்குச் சுமை குறைகிறது. சின்ன வண்டிக்காரர்களுக்கு இது பெரிய ஆசை. ஆனால் பெட்டியில் ‘20,000 லூமென்’ என்று போட்டு, பக்கத்திலேயே 30 வாட் என்றும் போட்டிருந்தால் வகுத்துப் பாருங்கள். 3000 லூமென்தான் நிஜமாக எதிர்பார்க்கலாம்.

எல்இடியில் லூமெனைவிட முக்கியம் சிப்பு உட்கார்ந்திருக்கும் இடம். ஹாலஜன் இழை இருந்த அதே இடத்தில், அதே நீளத்தில், முடிந்தவரை மெல்லிய தகட்டின் இரு பக்கமும் சிப்புகள் இருக்கவேண்டும். தகடு தடித்திருந்தால் ரிப்ளெக்டர் குழம்பிப்போய் ஒளியை நாலா பக்கமும் இறைக்கும். அப்படிப்பட்ட பல்பை மாட்டினால் வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று இருக்கும், ‘அடேங்கப்பா’ என்று தோன்றும். அந்தப் பளீரில் கண்மணி சுருங்கிவிடுவதால் தூரத்தில் இருக்கும் பள்ளம் முன்பைவிட இருட்டாகத் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். பத்து மீட்டர் வெளிச்சம் நமக்கு எதற்கு?

நிறத்தை கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும்; 4300-லிருந்து 5500 கெல்வின் வரை பார்க்கலாம். 6500-க்கு மேல் போனால் நீலம் தட்டி மழையில் கூசும். பின்பக்க விசிறிக்கும், எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் பெட்டிக்கும் ஹெட்லைட் கிண்ணத்தில் இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். ஹாலஜனுக்கான ஹெட்லைட்டில் எல்இடி பல்பு போடுவதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஜெர்மனி மாதிரி சில இடங்களில் 2020-லிருந்து அங்கீகரித்த குறிப்பிட்ட பல்புகளை, குறிப்பிட்ட வண்டிகளில் மட்டும் போடலாம். உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இழைக்குப் பதில் வாயுவில் எரியும் எச்ஐடி (செனான்) பல்பு செட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ப்ரொஜெக்டர் லென்ஸ் இல்லாத ஹெட்லைட்டில் வேண்டாம்.

மாட்டும் முறை

பழைய பல்பைக் கழற்றும் முன் ஒரு வேலை. ராத்திரி, சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீமின் மேல்விளிம்பு சுவரில் எங்கே விழுகிறதோ அங்கே டேப் ஒட்டிவையுங்கள். சக்கரம் நின்ற இடத்திலும் ஒரு குறி.

லைட்டை அணைத்து, ஆறவிட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். உருண்டை ஹெட்லைட் என்றால் வளையத்தின் பக்கவாட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் முகம் கையோடு வரும்; வயரில் தொங்கவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். ஹோல்டரை வயரைப் பிடித்து இழுக்காமல், இடமும் வலமும் அசைத்து உருவுங்கள். அதன்பின் ரப்பர் மூடி. அதில் ‘மேல்’ என்ற குறி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே பல்பைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப். இதுதான் புதியவர்களை அழவைக்கும் இடம். கிளிப் எந்தப் பக்கம் கீல் போட்டிருக்கிறது, எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மட்டும் அதிகச் சூடேறி, பல்பு அங்கேயே வெடிப்பு விடும். பட்டுவிட்டதா? ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட டிஷ்யூவால் துடைத்துக் காயவிடுங்கள். பல்பின் மூன்று காதுகளும் ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும். கிளிப்பைப் போட்ட பிறகு பல்பு துளியும் ஆடக்கூடாது. எல்இடி என்றால் சிப்புகள் இடமும் வலமும் பார்க்கவேண்டும். மேலும் கீழும் பார்த்தால் பல்பின் அடியில் காதுகள் இருக்கும் காலர் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். ரப்பர் மூடியை முழுசாக மூடாமல் விட்டால் முதல் மழைக்கே ரிப்ளெக்டர் குளித்துவிடும்.

திசை வைப்பது

வண்டியைப் பழைய குறியில் நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஸ்டாண்டில் போடாமல், நிமிர்த்தி, நீங்களே ஏறி உட்காருங்கள். உங்கள் எடையில் பின்பக்கம் அமுங்கினால் முன்பக்க வெளிச்சம் மேலே ஏறும். இன்னொருவர் தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி வரை உள்ள உயரத்தை அளந்து சுவரில் குறிக்கட்டும். 10 மீட்டர் தூரத்தில் லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். ஹெட்லைட்டின் அடியிலோ பின்னாலோ இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பினால் விளிம்பு ஏறி இறங்கும். உருண்டை ஹெட்லைட்டில் பக்கவாட்டு போல்ட்டைத் தளர்த்திக் கிண்ணத்தையே சாய்க்கவேண்டியிருக்கும்.

உயரம் முடிந்ததும் விளிம்பின் தரத்தைப் பாருங்கள். முதலில் டேப் ஒட்டியபோது பார்த்த பழைய பல்பின் விளிம்பு அளவுக்குக் கூர்மையாக இருக்கிறதா, இல்லை மேலே புகை மாதிரி வெளிச்சம் கசிகிறதா? கசிந்தால் எதிரே வருகிறவருக்கு நீங்கள் லோ பீமிலும் ஹை பீம்தான். எல்இடியின் காலரை ஓரிரண்டு டிகிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லையா, கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹெட்லைட்டை இன்னும் கீழே இறக்கிச் சமாளிக்கப் பார்த்தால் உங்களுக்கும் சாலை தெரியாது.

பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு ஓட்டுவது வழக்கமென்றால் அவரையும் உட்காரவைத்து ஒருமுறை பாருங்கள். விளிம்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஹோல்டரை ஒருமுறை உருவிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் எங்கோ முனை தளர்வாக இருக்கிறது. கழற்றிய பழைய பல்பைப் புதுப் பல்பு வந்த பெட்டியிலேயே போட்டு, துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வையுங்கள். அன்றைக்கு எனக்கு அது இல்லை.